கார்மில்லா சங்கடப்படலையில் வந்து நின்றபோது: ஒரு நாடகத் தழுவலின் நிகழ்வு ஆய்வு

கார்மில்லா கதையின் முதல் பக்கத்தில் ஒரு வைத்தியர்தான் நிற்கிறார். ஹெசெலியஸ் என்ற அந்த வைத்தியர் இந்த விடயத்தைப் பற்றி விரிவான குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், இதை எழுதிய பெண் இப்போது உயிரோடு இல்லை என்று முன்னுரை சொல்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண், லோரா, வாய் திறக்கிறாள். அயர்லாந்துக்காரரான ஷெரிடன் லெ ஃபானு இதை 1871, 72இல் சஞ்சிகைத் தொடராக எழுதி, 1872இல் ஒரு தொகுப்பில் சேர்த்தார். டிராகுலா என்ற பேர்போன இரத்தக்காட்டேரி நாவல் வர இன்னும் 25 வருடம் இருந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணில் உயிரை வைத்த கதை, ஒரு வைத்தியரின் கோப்புக்குள் மடித்து வைத்துத்தான் வாசகர் கைக்கு வந்தது.

நாங்கள் ஏழு பெண்கள் யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையை எட்டு மாதம் வைத்துப் படித்து, கதைத்து, கோபித்து, ஒரு மணித்தியால நாடகமாக்கினோம். என்ன முடிவெடுத்தோம், எங்கே பிழைவிட்டோம், எதைத் திருத்தினோம் என்று மற்றக் குழுக்கள் கேட்டதால் எழுதி வைக்கிறேன். பெயர்களை விட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆஸ்திரியாவின் ஸ்டிரியாப் பகுதியில், காட்டோரக் கோட்டை ஒன்றில், 19 வயது லோரா தகப்பனோடு தனிமையில் இருக்கிறாள். ஒருநாள் ஒரு குதிரை வண்டி அவர்கள் வாசலருகே கவிழ்கிறது. அதில் வந்த சீமாட்டி, அவசரப் பயணம் என்று சொல்லித் தன் மகள் கார்மில்லாவை மூன்று மாதத்துக்கு அங்கே விட்டுவிட்டுப் போகிறாள். இரண்டு பெண்களும் நெருங்குகிறார்கள். லோரா வெளிறி இளைக்கிறாள். அயலில் ஏழைப் பெண்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தன் வளர்ப்பு மகளை இதே மாதிரி இழந்த ஒரு தளபதி வருகிறார். கார்மில்லா, 1698ஆம் ஆண்டு ஓவியத்தில் இருக்கும் மிர்கல்லா கோமகள்தான், செத்தும் சாகாமல் இரத்தம் குடித்து வாழ்கிறவள் என்று தெரிகிறது. ஆண்கள் சேர்ந்து கல்லறையைத் திறந்து, நெஞ்சில் முளை அறைந்து, தலையை வெட்டி, எரித்து, சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள்.

முதல் பிரதி, முதல் பிழை

முதல் பிரதியில் எங்கள் கார்மில்லா ரொறன்ரோவிலிருந்து வந்தாள். எழுதும்போது அது எவ்வளவு சுகமாக வந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பெண், கத்தரித்த தலைமயிர், பெரிய சூட்கேஸ், பகலில் நித்திரை. இரவில் அவள் முழித்திருப்பதற்குக்கூட நேர வித்தியாசம் என்று ஒரு நியாயம் கையில் இருந்தது. இரண்டாம் நாள் வாசிப்பில், குழுவில் மிகக் குறைவாகக் கதைப்பவள் பிரதியை மடித்து மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இது வெளியில இருந்து வந்த வருத்தம் எண்டுதானே எங்கட சனம் சொல்லுது. இப்ப அதை நாங்களே எழுதிப் போட்டம்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிளேன்ரீ ஆறிப் போனது. அன்றைக்கே அந்தப் பிரதியைக் கைவிட்டோம்.

மூலத்துக்குத் திரும்பிப் போனபோதுதான் நான் முதல் வாசிப்பில் தாண்டிப் போன ஒரு வரி கண்ணில் பட்டது. லோராவின் செத்துப்போன தாய், தாய் வழியில் கார்ன்ஸ்டைன் குடும்பத்தைச் சேர்ந்தவள். கார்மில்லாவும் கார்ன்ஸ்டைன்தான். வாசலில் கவிழ்ந்த வண்டியில் வந்தவள் இரத்த உறவு. அந்நியள் என்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்தே வந்தவள். லெ ஃபானு இதை அழுத்திச் சொல்லாமல் போகிறபோக்கில் வைத்துவிட்டுப் போகிறார். எங்கள் தழுவல் முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஆகவே எங்கள் கார்மில்லா பக்கத்து ஊர்க்காரி ஆனாள். லோராவைத் தாரணி என்று மாற்றினோம். அவளுக்கு 28 வயது, தெல்லிப்பழையில் தாய் தகப்பனோடு இருக்கிறாள், ரியூசனில் கணக்குப் படிப்பிக்கிறாள், வீட்டில் சாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் இருக்கும் நாற்சார் வீடு அவளுக்கே சீதனமாக எழுதப்படப் போகிற வீடு. மூலத்தில் லோரா ஆறு வயதில் காணும் ஒரு இரவுக் காட்சி வருகிறது. அதை முழுவதும் எடுத்துவிட்டோம். காதல் கதைக்குள் குழந்தைக்கு இடமில்லை என்பதில் ஏழு பேருக்கும் ஒரே கருத்து, கதைக்கவே தேவைப்படவில்லை.

படலை, பெயர், வீடு

குதிரை வண்டி கவிழ்வதற்குச் சமமாக யாழ்ப்பாணத்தில் ஒன்று வேண்டும். சங்கடப்படலை என்றவுடன் எல்லாம் பொருந்தியது. கூரை போட்ட வாசல், இரண்டு பக்கமும் இருக்கத் திண்ணை, பக்கத்தில் தண்ணீர்ப் பானை. வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க என்றே எங்கள் முன்னோர் கட்டியது. வருகிறவர் யார் எவர் என்று கேட்காமல் இருக்க விடுகிற இடம். ஆனால் அதற்கும் உள்வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றத்துத் தூரம் இருக்கிறது. எங்கள் கார்மில்லாவான கலாமதியின் ஓட்டோ மழையில் ஒழுங்கை மதகடியில் சரிகிறது, அவள் வந்து திண்ணையில் ஒதுங்குகிறாள். தாரணியின் அம்மா சொல்லும் முதல் வசனம், "ஏன் பிள்ளை அதில நிண்டு நனையிறியள், உள்ளுக்கு வாங்கோ." இந்த அன்பை நாங்கள் எந்த இடத்திலும் பொய்யாக்கவில்லை.

பெயரில் ஒரு கிழமை போனது. மூலத்தில் கார்மில்லா, மிர்கல்லா, மில்லார்கா என்று ஒரே எழுத்துகள் இடம் மாறி மூன்று பெயராகின்றன. தமிழில் உயிரும் மெய்யும் ஒட்டிக்கொண்டு நிற்பதால் எழுத்தைக் குலுக்கிப் போட்டால் பெயராக வராது. ஆள் மாறி ஆள் கொப்பியில் எழுதி எழுதி வெட்டினோம். கடைசியில் ஒருத்தி தன் பெரிய மாமியின் பெயரைச் சொன்னாள்: கலாமதி. நடுவில் மடித்துப் பார்த்தால் மதிகலா. இரண்டும் யாழ்ப்பாணத்தில் எந்த வகுப்பு இடாப்பிலும் இருக்கக்கூடிய பெயர்கள். மூன்றாவது கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம். பழைய காணி உறுதியில் மதிகலா என்று இருப்பதைத் தாரணி விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, அங்கேயே கலாமதி என்று கண்டுபிடிக்கிற காட்சி, சபையில் ஒரு மூச்சு நின்று வருகிற காட்சியாக அமைந்தது.

கார்ன்ஸ்டைன் கோட்டை இடிபாடு, அதைச் சுற்றிச் சனம் விட்டுப்போன ஊர், கூரையில்லாத கோயில். இதை வாசித்த யாழ்ப்பாணத்தார் யாருக்கும் என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வலிகாமம் வடக்குச் சனம் 1990 ஆனியில் யுத்தத்தால் ஊரை விட்டு எழும்பியது. 2009க்குப் பிறகுதான் இராணுவத்திடமிருந்து காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன, மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது 2017இல். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓடில்லை, நிலையில்லை, யன்னலில்லை, சாமியறைக்குள் ஆலமரம். எங்கள் மதிகலா அந்த ஊர்ப் பெண். 1990இல் 27 வயது. இப்போதும் 27 வயது.

இங்கேயும் ஒரு எதிர்ப்பு வந்தது, அதுவும் நியாயமானது. குழுவில் ஒருத்தியின் வீடு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைப் பக்கம். "எங்கட வீட்டைப் பேய் வீடாக்காதேங்கோ. அங்க நாங்கள் ஒருக்காலும் பயந்ததில்லை. வெளியில வந்தாப்பிறகுதான் பயம்" என்றாள். அவள் சொன்ன பிறகு நாடகத்தின் வெளிச்சத்தையே மாற்றினோம். கூரையில்லாத வீட்டுக் காட்சிகளுக்கு நிலாவெளிச்சம் போல் தெளிந்த வெள்ளை ஒளி. இருட்டும் அடைசலும் எல்லாம் தாரணியின் நல்ல வீட்டில். இடிந்த வீட்டில்தான் இரண்டு பேரும் சத்தமாகச் சிரிக்கிறார்கள். யுத்தத்தைப் பயமுறுத்தும் சீலையாகத் தொங்கவிட்டிருந்தால் இந்த ஆய்வை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

இரத்தம் காணாது

தழுவலின் இருதயம் என்று நான் நினைப்பது இந்தப் பகுதி.

லோரா வெளிறுகிறாள், சோர்கிறாள், ஆனால் அந்தச் சோர்வில் ஒரு இனிமை இருந்தது என்று தானே சொல்கிறாள். மூலத்தில் அது இரத்தம் குடிக்கப்பட்டதன் அடையாளம். தமிழில் இதற்கு இரண்டாயிரம் வருடமாக ஒரு பெயர் இருக்கிறது: பசலை. காதலில் மெலிந்த பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றம். சங்கக் கவிதையில் பசலை சும்மா படருவதில்லை, அது அழகை உண்கிறது. வெள்ளிவீதியார் உண்ணுதல் என்ற அந்த வினையையே போடுகிறார். தன் நிறத்தைப் பசலை தின்னப் பார்க்கிறது என்று ஒரு பெண்ணே சொல்கிறாள். குறுந்தொகையில் பரணர் பாடியது இன்னும் கிட்ட வருகிறது: ஊர் தண்ணீர் குடிக்கும் கேணியில் படர்ந்த பாசி மாதிரியாம் பசலை. காதலர் தொடுகிற இடமெல்லாம் விலகும், கை எடுத்த இடமெல்லாம் திரும்பப் படரும்.

பெண் பெண்ணை நேசிப்பதைக் குறிக்கும் சஃபிக் என்ற சொல்லுக்கே மூலமான கிரேக்கக் கவி சாஃபோவின் கவிதை ஒன்றை இந்தப் பாட்டோடு சேர்த்து வாசித்தோம். தான் நேசிக்கும் பெண்ணைப் பார்த்தவுடன் நாக்கு முறிகிறது, தோலுக்கடியில் நெருப்பு ஓடுகிறது, புல்லை விடப் பச்சையாகிறேன் என்கிறாள் சாஃபோ. பச்சை. பாசி. இரண்டு கரையிலும் இரண்டு மொழி, உடம்பில் கண்டது ஒன்று. அன்றைக்கு வாசிப்பு முடிய இருட்டிவிட்டது, ஆனால் ஒருவரும் எழும்பவில்லை.

கேணி எங்களுக்கு அகராதிச் சொல் இல்லை. கீரிமலைக்குப் போனால் கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் கேணி இருக்கிறது, பெண்கள் குளிக்கத் தனியிடம் உண்டு. தாரணியும் கலாமதியும் முதல் முறை கை தொடுவதை அங்கே வைத்தோம். மேடையில் கேணிக்குப் பதிலாக ஒரு பெரிய பித்தளைக் கிடாரம். முதலில் பச்சைத் துணி போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. பிறகு வயல் குளத்திலிருந்து உண்மையான பாசியை வாளியில் கொண்டுவந்து மிதக்கவிட்டோம். நடிகை உள்ளங்கையை நீரில் வைக்கப் பாசி ஒதுங்கிக் கறுப்புத் தண்ணீர் தெரியும். கையை எடுக்க, மெதுவாக, இரண்டு மூன்று மூச்சுக்குள் மூடிக்கொள்ளும். அதில் வசனம் இல்லை. பின்வரிசைக்குத் தெரியாது என்பதற்காக மேடையையே விட்டுவிட்டு, சபையைக் கிடாரத்தைச் சுற்றி வட்டமாக இருத்தினோம். நாடகம் முற்றத்துக்கு இறங்கி வந்தது இந்தப் பாசியால்தான்.

அடுத்தது வெறியாட்டு. தலைவி மெலிந்ததைக் கண்ட தாய், மகளுக்கு முருகன் பிடித்துவிட்டான் என்று வேலனைக் கூப்பிட்டுக் கழங்கு போட்டுப் பார்ப்பாள், ஆட்டை வெட்டுவாள். தலைவிக்கும் தோழிக்கும் தெரியும் அது என்ன நோய் என்று. காதலைப் பிசாசு என்று பிழையாகப் பார்க்கும் வீடு தமிழ்க் கவிதையில் அவ்வளவு பழசு. லெ ஃபானுவின் ஊரில் கூனல் விழுந்த ஒரு வித்தைக்காரன் வந்து தாயத்து விற்கிறான். எங்கள் வீட்டில் அம்மா சாத்திரம் கேட்கப் போகிறாள், நாவூறு கழிக்கிறாள், அச்சரக்கூடு கொண்டுவந்து கட்டுகிறாள். பிறகு ஆஸ்பத்திரி. வைத்தியர் கண்மடலை இழுத்துப் பார்த்து, "பிள்ளைக்கு இரத்தம் காணாது" என்கிறார்.

நாங்கள் எல்லோரும் ஒரு தரமாவது கேட்ட வசனம் இது. அன்றாட வசனம். இந்தக் கதைக்குள் வந்து விழுந்தவுடன் சபையில் ஒரு பெண் தன் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மூலத்தில் லோராவின் தாய் இறந்தவள், கனவில் எச்சரிக்கை செய்யும் ஒரு குரல் மட்டும். எங்கள் அம்மாவை உயிரோடு விட்டோம். இரும்புச்சத்துக் குளிசை, முருங்கையிலை வறை, பீற்றூட், ஈரல் என்று அவள் மகளுக்குச் சமைத்துப் போடும் நீண்ட காட்சி ஒன்று இருக்கிறது. மகள் சாப்பிடுகிறாள், எதிரே இருக்கும் கலாமதி பனங்கட்டி கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். (மூலத்தில் கார்மில்லா சொக்லேற் பானம் மட்டும் குடிப்பாள்.) "நீயும் ஒரு வாய் சாப்பிடன் பிள்ளை" என்று அம்மா தட்டை நீட்டுகிறாள். அம்மாவாக நடித்தவள் ஒவ்வொரு ஒத்திகையிலும் இந்த இடத்தில் அழுதாள். அம்மா கெட்டவள் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாத இடம் என்று நான் நினைக்கிறேன்.

செத்தவீடு

வனக்காவலனின் மகளின் மரண ஊர்வலம் போகும்போது லோரா எழுந்து நின்று பாட்டில் சேர்ந்துகொள்கிறாள். கார்மில்லா காதைப் பொத்திக் கோபப்படுகிறாள். யார் செத்தது என்று தனக்குத் தெரியாது, குடியானவர்களைப் பற்றித் தான் தலையை உடைப்பதில்லை என்கிறாள். இதை எங்களால் தாண்டிப் போக முடியவில்லை. அந்தக் கதையில் ஏழைப் பெண்கள் சில நாளில் சாகிறார்கள், பேரில்லாமல் சாகிறார்கள். பெரிய வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் மெல்ல மெல்லக் காதல். எங்கள் ஊரில் இதற்குச் சாதி என்று பெயர்.

யாழ்ப்பாணத்தில் சைவச் செத்தவீட்டில் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, படலையோடு நிற்பார்கள். அதனால் எங்கள் காட்சியில் இரண்டு பெண்களும் படலைக்கு உள்ளே நிற்கிறார்கள், ஒழுங்கையால் பிரேதம் போகிறது, பறைச் சத்தம் கிட்ட வந்து தூரப் போகிறது. யார் செத்தது என்று தாரணி கேட்க, "அது உவையின்ர ஆக்கள், உனக்கென்ன" என்று அப்பா சொல்கிறார். மூலத்தில் கார்மில்லா சொன்னதைத் தகப்பன் வாயில் வைத்தோம். கலாமதி செத்த பெண்ணின் பெயரைச் சொல்கிறாள். அவளுக்குத் தெரியும். அவள்தான் கொன்றவள்.

இதில்தான் குழு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் சொன்னார்கள்: நாங்கள் நேசிக்கும் பெண்ணைக் கொலைகாரி ஆக்கினால், எங்களைப் போன்றவர்களைக் கொலைகாரி என்று சொல்லும் வாய்க்கு அவல் போட்ட மாதிரி. பல்லைக் கழற்றிவிடுவோம், அவள் யாருக்கும் தீங்கு செய்யாத ஆவியாக இருக்கட்டும். மற்றப் பாதி ஒப்பவில்லை. மூன்று கிழமை இழுபட்டது. நான் பல் இருக்க வேண்டும் என்ற பக்கம். பால் மாதிரி இருந்தால்தான் ஒரு பெண்ணை நேசிக்கலாம் என்று நாங்களே நிபந்தனை போட்டால், தாரணியின் வீட்டுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? பல்லை விட்டோம். ஆனால் செத்த பெண்ணுக்குப் பெயரும், தாயும், அந்தத் தாய்க்கு ஒரு முழு ஒப்பாரியும் கொடுத்தோம். கலாமதி அந்த ஒப்பாரி முடியும்வரை அசையாமல் நின்று கேட்க வேண்டும். காதைப் பொத்த விடவில்லை.

அலவாங்கு

கல்லறை ஒரு பெரிய சிக்கல். மூலத்தில் ஈயப் பெட்டிக்குள் ஏழு அங்குல இரத்தத்தில் அவள் கிடக்கிறாள். எங்களில் சைவர்கள் எரிப்பார்கள், திறக்கப் பெட்டி இல்லை. கத்தோலிக்கப் பெண்ணாக்கினால் சேமக்காலை கிடைக்கும் என்று ஒரு யோசனை வந்தது. பேயை வேறு சமயத்துக்காரி ஆக்குவது மலிவான வேலை என்று உடனே தள்ளிவிட்டோம். பிறகு கிணறு அகப்பட்டது. விட்டுப்போன ஒவ்வொரு வளவிலும் தூர்ந்த கிணறு ஒன்று இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதோ என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது. பகலில் கலாமதி அங்கே இருப்பாள்.

அப்பா, பெரியப்பா, சாத்திரியார் மூன்று பேரும் அலவாங்கோடும் மண்ணெண்ணெயோடும் போகிறார்கள். (பெரியப்பாதான் எங்கள் தளபதி. அவருடைய மகள் எப்படிச் செத்தாள் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் சொல்லுவதில்லை.) மூலத்தில் லோரா அந்தக் கொலையைக் காணவில்லை. அரச விசாரணைக் குழுவின் அறிக்கைப் பிரதி தகப்பனிடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். நாங்களும் காட்டவில்லை. பூட்டிய அறைக்குள் தாரணி, வெளியே அலவாங்கு சுண்ணாம்புக் கல்லில் விழும் சத்தம், உரைஞர் அறிக்கையை வாசிக்கிறார். வாசிக்க வாசிக்கத் தாரணி மூன்று தரம் குறுக்கிடுகிறாள். "அப்பிடி இல்லை." அவ்வளவுதான் அவளுடைய வசனம். மூன்றாவது தரம் உரைஞர் அறிக்கையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சபையோடு போய் இருக்கிறார். மிச்சத்தை அவள் சொல்கிறாள்.

இந்த எண்ணத்துக்கு நான் ஒரு கடன் சொல்ல வேண்டும். 2014 முதல் 2016 வரை கனடாவில் மூன்று பருவங்களாக யூடியூப்பில் வந்த கார்மில்லா தொடரில், லோரா பத்திரிகைத் துறை மாணவி, தன் விடுதி அறையில் தானே கமராவை வைத்துத் தன் கதையைத் தானே பதிகிறாள். கோப்பு வைத்தியர் கையிலிருந்து அவள் கைக்கு வந்துவிடுகிறது. அந்த ஒரு மாற்றத்தின் பெறுமதி எனக்கு அதைப் பார்த்துச் சில வருடம் கழித்துத்தான் விளங்கியது.

சாம்பலை ஆற்றில் விட யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது. கீரிமலைக் கடலில் கரைக்கிறார்கள். இரண்டு பேரும் கை தொட்ட அதே இடம். இதை நாங்கள் யோசித்துச் செய்யவில்லை, ஊர் வழக்கத்தைப் பின்பற்றப் போக அதுவாக அமைந்தது.

இடம் கிடைக்காத கதை

ஒரு மண்டபம் தருவதாகச் சொல்லி, பிரதியைக் கேட்டு வாங்கி, ஆறு நாள் வைத்திருந்து, திருத்த வேலை இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள். யார் என்று எழுதப் போவதில்லை. பயம் அவர்களுடையது மட்டும் இல்லை.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது, கார்மில்லா வெளிவந்து 11 வருடத்தில், அதே விக்டோரியா காலத்துக் கையால். அதன் 365அ பிரிவு முதலில் ஆண்களுக்கிடையிலான உறவை மட்டும் குற்றமாக்கியது. 1995 திருத்தத்தில் ஆண் என்று வந்த இடம் ஆள் என்றானது, பெண்களும் உள்ளே வந்தார்கள். இரண்டு வருடம் வரை சிறை. 1995 என்றால் எங்களுக்கு ஒக்டோபர் 30 இரவு, கைப்பையும் குழந்தையுமாக மழையில் வலிகாமச் சனம் இடம்பெயர்ந்து நடந்த இரவு. அதே வருடம் கொழும்பில் ஒரு சொல் மாறியதை எங்களில் யார் கவனித்திருப்போம். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு 2022இல் இலங்கைக்குச் சொன்னது. இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்கள் ஒத்திகை பார்த்த நாட்களில் பிரிவு அப்படியேதான் இருந்தது. பெயர்களை நான் ஏன் விட்டேன் என்பதற்கு இதுதான் விடை. குழுவில் இரண்டு பேருக்கு இது நாடகம் மட்டும் இல்லை.

கடைசியில் ஒரு சிநேகிதியின் தாய்வழி வீட்டு முற்றத்தில் போட்டோம். வாய்வழி அழைப்பு. பாய் விரித்து, பின்னுக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரை. பெரும்பாலும் பெண்கள், சிலர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். என்ன கதை என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கூரையில் மரநாய் ஓடியது. மூலத்தில் இரவில் வரும் கறுப்புப் பூனை மாதிரியான மிருகத்துக்கு நாங்கள் மரநாய்ச் சத்தத்தைத்தான் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தோம், அன்று பதிவைப் போடத் தேவைப்படவில்லை.

லெ ஃபானு கதையை முடிக்கும் இடம் எல்லோருக்கும் பிடித்தது: எல்லாம் முடிந்து வருடங்கள் போன பிறகும், அறை வாசலில் கார்மில்லாவின் மெல்லிய காலடி கேட்டதாக நினைத்துத் தான் திடுக்கிட்டதுண்டு என்று லோரா எழுதுகிறாள். எங்கள் பிரதியில் தாரணி தனியே முற்றத்தில் இருக்கிறாள். ஈரச் சீமெந்தில் பாட்டாச் செருப்புச் சத்தம். அவள் நிமிர்ந்து, "ஆரது?" என்று கேட்கிறாள். விளக்கு அணைகிறது.

முடிந்து எல்லோரும் கதைத்துக்கொண்டு நின்றபோது, கதிரையில் இருந்த ஒரு வயதான அம்மா என்னைக் கையால் கூப்பிட்டார். எழுபதுக்கு மேலே இருக்கும். தங்கள் ஊரிலும் இரண்டு பேர் ஒரு வளவில் இருந்தவை என்றார். ஒருத்தி தைப்பது, மற்றவள் மாடு வளர்ப்பது. தைக்கிறவள் செத்தபிறகு மற்றவள் கனகாலம் கிணற்றடியில் இரண்டு வாளிதான் வைத்திருந்தாளாம். அதற்கு மேலே அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கடைசியில அந்தப் பிள்ளை ஆரது எண்டு கேக்கிறது பிழை, மோனை. தெரிஞ்ச காலடிக்கு ஆரும் ஆரது எண்டு கேக்கிறேல்லை."

"அப்ப என்னெண்டு கேக்கிறது அம்மா?"

"வந்திட்டியே எண்டுதான்."

அடுத்த நாள் ஒத்திகைக்கு எல்லோரும் வந்தபிறகு பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, மேலே இதை எழுதினோம்.